பாஸ்பரஸும் அதன் கூட்டாளிகளும்

தீக்குச்சித் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. பிளஸ் டூ பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் தலையில்தான் இருக்கிறது என்பார்கள். அது இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், செம்பழுப்பு நிறத்தில் பூசியிருக்கும் பட்டையில். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், வஜ்ரப் பசை, கொஞ்சம் சாயம். குச்சி மரம் கார்பன். அதில் ஊறிய மெழுகும் கார்பன்தான். ஆக பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆக்சிஜன், கார்பன், சிலிக்கன். பி-தொகுதியின் வலது மேல் மூலையே இரண்டு ரூபாய்ப் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு அலகுகளாகப் பிரித்துப் போட்டிருப்பதை நான் இந்தப் பெட்டியை வைத்துத்தான் தொடங்குகிறேன். கடையநல்லூர் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்துச் சாமான் கிடைக்காது. சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று கிழக்கும் வடக்கும் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ்தான்.

*

ஒரு உரசலை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தலையில் உள்ள கண்ணாடித் தூளும் பட்டையில் உள்ள கண்ணாடித் தூளும் உரசும்போது ஒரு புள்ளியில் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில் சிவப்புப் பாஸ்பரஸின் துளியினும் துளி, நீண்ட சங்கிலியாகக் கோத்திருந்தது அறுந்து, வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியாகிறது. காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறி குளோரேட்டை உடைக்கிறது. குளோரேட் உடைந்தால் ஆக்சிஜன். பக்கத்திலேயே கந்தகம் காத்திருக்கிறது. எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. மூக்கில் ஏறும் அந்தக் காரம் இதுதான். கந்தகத்தின் தீ மெழுகை உருக்கி ஆவியாக்க, மெழுகின் தீ மரத்தைப் பிடிக்கிறது. ஒன்றன் கையிலிருந்து இன்னொன்றின் கைக்கு நெருப்பு மாறி மாறிப் போகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள்.

மாணவன் ஒருவன் கேட்டான்: “அப்போ ஒவ்வொரு தடவை உரசும்போதும் தடை பண்ணின வெள்ளைப் பாஸ்பரஸைக் கொஞ்சம் உண்டாக்குறோமா சார்?” ஆமாம். உண்டான இடத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும் அளவுக்குத்தான். நல்ல கேள்வி. இந்தத் தொழிலின் மொத்தச் சரித்திரமும் அதற்குள் இருக்கிறது.

*

வெள்ளைப் பாஸ்பரஸ்: நான்கு அணுக்கள், நான்முகி வடிவம். பிணைப்புக் கோணம் 60 டிகிரி. பாஸ்பரஸுக்கு அது வலிந்து வளைத்த கோணம். எப்போது உடையலாம் என்றே இருக்கும். காற்றில் 30 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே பற்றும். நம்மூரில் சித்திரை மாதத்து நிழலிலேயே அந்தச் சூடு உண்டு. அதனால் தண்ணீருக்கடியில் வைக்கிறார்கள். சிவப்பு: அந்த நான்முகிகளில் ஒரு பிணைப்பு திறந்து, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியானது. பற்ற வைக்க 250 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். விஷத்தன்மையும் ஒப்பிட முடியாத அளவு குறைவு. இரண்டிலும் பாஸ்பரஸ் தவிர வேறு எதுவுமில்லை. புறவேற்றுமை வடிவங்கள் என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே இதைப் படித்துவிட்டுப் போகிறோம். எனக்கு இது வேதியியலின் அடிப்படைச் செய்தி. தனிமத்தின் பெயரைச் சொன்னால் பாதி விஷயம்கூடச் சொன்னதாகாது. அது எப்படிக் கட்டுண்டிருக்கிறது, எதோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் சொன்னால்தான் அது மருந்தா, உரமா, விஷமா என்பதே தெரியும்.

*

பழைய கதை, சுருக்கமாக. 1669-ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், மனித மூத்திரத்தைச் சுண்டக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற பொருளை எடுத்தார். தங்கம் தேடிப் போனவருக்குப் பாஸ்பரஸ் கிடைத்தது. 1827-ல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் விற்ற முதல் உரசு குச்சிகளில் பாஸ்பரஸே இல்லை. ஆன்டிமனி சல்பைடும் குளோரேட்டும்தான். 1830-களில் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி வந்தது. எங்கே உரசினாலும் பற்றும், எளிது, மலிவு. அதோடு தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகத் தொடங்கியது. பல் சொத்தை வழியாகப் பாஸ்பரஸ் ஆவி இறங்கி எலும்பைச் சாகடிக்கும், சீழ் வடியும், முகம் கோணும். லண்டனில் 1888-ல் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் இந்த நோய் ஊரறிந்த விஷயம்.

வேதனை என்னவென்றால் மாற்று அப்போதே கையில் இருந்தது. வியன்னாவில் அன்டன் ஷ்ரோட்டர் 1840-களிலேயே சிவப்புப் பாஸ்பரஸைச் செய்துகாட்டிவிட்டார். சுவீடனில் குஸ்தாவ் பாஷ் 1844-ல் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டிக்கு மாற்றிக் காப்புரிமை வாங்கினார். 1898-ல் பிரான்சில் செவேனும் காஹெனும் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்த செஸ்குவி சல்பைடைக் கொண்டு, எங்கே உரசினாலும் பற்றும் குச்சியையே நச்சில்லாமல் செய்துவிட்டார்கள். அறிவு இருந்தும் சட்டம் வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டியைத் தடை செய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 1906-ல் பெர்ன் நகரில் கையெழுத்தானது. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913-ல் வந்தது.

இந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றது 1922-ல். திரும்பி வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-ல். தடைச் சட்டத்துக்குப் பத்து வருஷம் கழித்து. அதனால் நம் கரிசல் காட்டுப் பெண்களின் தாடை தப்பியது. இங்கே வேறு கொடுமைகள் நடந்தன. விடியுமுன் ஊர் ஊராய் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிப் போனது, குழந்தைத் தொழில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஒரு நோய் இங்கே வரவில்லை.

*

கழுகுமலைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா ஒருவர் சொன்னது. சின்ன வயதில் கட்டை அடுக்கியிருக்கிறார். கட்டை என்பது பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய சட்டங்கள். பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு சட்டம் நிறைந்தால் அதன் மேல் அடுத்த சட்டம். குச்சிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் மருந்தில் முக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு மருந்து ஏறும். “கட்டையில ஒரு குச்சி ஏறி இறங்கி இருந்தாலும் கணக்கப்பிள்ளை தட்டிப் பார்த்துத் திருப்பிருவார் சார். விரல் நுனி காய்ச்சுப் போயிரும். மருந்து காயுற வாசம் தலைமுடியில ஒட்டிக்கிடும், ராத்திரி குளிச்சாலும் போவாது.” இதைச் சொல்லும்போதே அவர் கைவிரல்கள் தானாகக் குச்சியைப் பிடிப்பதுபோல் கூடின.

அவர்கள் யாருக்கும் குளோரேட் என்ற பெயர் தெரியாது. ஆனால் மருந்து ஈரமாக இருக்கும்வரைதான் அதைக் கிண்டலாம், காய்ந்ததைச் சுரண்டக்கூடாது, சிந்தியதை அன்றன்றே தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும், தலை மருந்தும் பெட்டி மருந்தும் ஒரே அறைக்குள் வரக்கூடாது என்பதெல்லாம் தெரியும். இதில் ஒவ்வொன்றும் ஆக்சிஜனேற்றியையும் எரிபொருளையும் பற்றிய பாடம்.

*

தலை மருந்தும் பெட்டி மருந்தும் ஏன் சேரக்கூடாது? உலர்ந்த குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் கலந்தால் தொட்டாலே வெடிக்கும். சிறுவர்கள் துப்பாக்கியில் வைக்கும் பொட்டுக் கேப்பில் இருப்பது இந்தச் சேர்க்கைதான், மிகமிகச் சிறிய அளவில், ஈரமாகவே கலந்து, தாள்களுக்கிடையே உலர்த்தியது. வீட்டில் செய்து பார்க்கும் காரியமே அல்ல. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் இதை அழுத்திச் சொல்கிறேன், ஒரு மாணவன் விரலாவது மிஞ்சட்டும் என்று.

குளோரேட்டோடு கந்தகம் சேர்வதும் இதே சாதிதான். கந்தகத்தில் இலேசாக அமிலம் ஏறியிருக்கும். அது குளோரேட்டை மெல்லச் சீண்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தானாகப் பற்றும். பட்டாசில் இந்தக் கலவையை 1992 ஜனவரியில் மத்திய அரசு தடை செய்தது. அந்த அறிவிக்கையிலேயே தீக்குச்சித் தலைக்கும் பொட்டுக் கேப்புக்கும் விலக்கு உண்டு. ஒரு பொருளுக்குத் தடை, இன்னொன்றுக்கு விலக்கு என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஓரவஞ்சனையாகத் தெரியும். பசையில் குழைத்து, மணி மணியாக உலர்த்திய சில மில்லிகிராமுக்கும் குழாயில் இறுக்கி அடைத்த தூளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. எனக்கு மரியாதை வருகிறது.

*

பாஸ்பரஸ் நெருப்பு மூட்டுகிறது. பாஸ்பேட் நெருப்பை அணைக்கிறது. நல்ல தரமான தீக்குச்சியை ஊதி அணைத்தால் உடனே கரிந்து நின்றுவிடும், கங்கு தங்காது. மரக்குச்சியை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் முன்னமே ஊற வைத்ததால் அப்படி. பாஸ்பேட் சூட்டில் உருகி மரத்தின் மேல் படலமாகப் படிகிறது. கங்குக்குக் காற்று கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சுவரிலும் பஸ்ஸிலும் தொங்கும் சிவப்பு உருளைக்குள் இருக்கும் மஞ்சள் தூளும் பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஐந்து ஆக்சிஜனேற்ற எண் ஏறி, நாலு ஆக்சிஜன் சூழ உட்கார்ந்துவிட்ட பாஸ்பரஸுக்கு இனி எரிய ஒன்றுமில்லை. எரிந்து முடிந்தது மறுபடி எரியாது.

*

விலை. 14 வருஷமாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். அப்போது உற்பத்தியாளர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது சிவப்புப் பாஸ்பரஸ்: கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகியிருந்தது. மெழுகு, அட்டை, குளோரேட் எல்லாமே ஏறின. அதற்குப் பிறகு வந்த அடி பிளாஸ்டிக் லைட்டர். 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை போட்டார்கள். கடையில் இன்னமும் லைட்டர் தொங்குகிறது. தீப்பெட்டியின் மரக்குச்சியும் அட்டையும் மக்கும். ஒரு பெட்டிக்குப் பின்னால் எத்தனையோ பெண்களின் கை இருக்கிறது. நான் பெட்டிதான் வாங்குகிறேன்.

குச்சி மரம் பெரும்பாலும் கேரளத்து மரம், மட்டி போன்ற மெல்லிய வெள்ளை மரங்கள். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை நம் ஊர் நடுவே போகிறது. புளியரை இறங்கி வரும் மர லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்; பிறகு வகுப்பில் செல்லுலோஸ் என்றால் முழிக்கிறார்கள். வருத்தம் அங்கேதான்.

*

குளோரின்.

2012-ல் டெங்கு. அந்த வருஷம் தமிழ்நாட்டுச் செய்திகளில் கடையநல்லூர் பெயர் அடிபட்டது அதனால்தான். தெருவுக்குத் தெரு காய்ச்சல். ஓரமெல்லாம் வெள்ளைக் கோடாகப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். ஜனங்களுக்கும் அந்த வாடை வந்தால்தான் நிம்மதி. ஆனால் டெங்குக் கொசுவுக்கும் சாக்கடை ஓரத்துப் பிளீச்சிங் பவுடருக்கும் சம்பந்தமில்லை. ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை போடாது. வீட்டுக்குள் மூடாமல் வைத்த நல்ல தண்ணீரில் போடும். சிமென்ட் தொட்டி, குடம், டிரம், பிரிட்ஜின் பின்னால் தேங்கும் தண்ணீர், தேங்காய்ச் சிரட்டை. குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் ஊரில் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடித்து வைத்தே ஆக வேண்டும். அதுதான் காரணம். தினமும் தண்ணீர் வந்தால் பாதி நோய் போகும் என்று அன்றே சொன்னார்கள். இன்றும் அது உண்மை.

அந்தத் தொட்டிகளில் ஊற்றியது அபேட் என்ற டெமிபாஸ். அதன் மூலக்கூறில் இரண்டு பாஸ்பரஸ், மூன்று கந்தகம். தீப்பெட்டியில் பார்த்த அதே இரண்டு தனிமங்கள்! இங்கே வேறு கட்டில், வேறு வேலை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில், குடிக்கும் தண்ணீரிலேயே ஊற்ற உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கிற மருந்து. கொசுப் புழுவின் உடலில் போனதும் பாஸ்பரஸோடு இருந்த கந்தகம் கழன்று அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறும். அதன் பிறகுதான் அது நரம்பைப் பூட்டும் விஷமாகும். மனித உடலும் அதே மாற்றத்தைச் செய்யும். ஆனால் அதைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். கந்தகம் இருந்தால் தூக்கம், ஆக்சிஜன் வந்தால் விழிப்பு. ஓர் அணுவை மாற்றினால் இவ்வளவு.

அப்போது பலர் அபேட் ஊற்ற விடாமல் கதவைச் சாத்தினார்கள். தண்ணீரில் மருந்து என்றால் பயம் வரத்தான் செய்யும். வாசலில் நின்று இரண்டு நிமிஷம் விளக்கினால் சாத்திய கதவு திறக்கும். அதற்கு ஆள் போடுவதில்லை. மருந்துக்குப் பணம் ஒதுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள்.

*

அதற்காகக் குளோரினைக் குறைத்துச் சொல்லவில்லை. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு இவற்றிலிருந்து இந்த ஊரைக் காப்பது மேல்நிலைத் தொட்டியில் கலக்கும் குளோரின்தான். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆகிறது. மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறு. பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே போய் அதன் நொதிகளை ஆக்சிஜனேற்றி முடக்கிவிடும். தண்ணீரில் காரம் கூடினால் அது ஹைப்போகுளோரைட் அயனியாகும். எதிர் மின்னேற்றம் ஏறிய பிறகு அவ்வளவு எளிதில் உள்ளே நுழையாது. குளோரின் அளவு அப்படியே இருக்கும், வேலை மட்டும் குறையும்.

தண்ணீர் திறக்கும் ஊழியர் கையில் குளோராஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்துச் சில சொட்டு ஆர்த்தோடாலிடின் விடுவார். மஞ்சள் ஏறும். பக்கத்தில் வரிசையாக இருக்கும் மஞ்சள்களோடு ஒப்பிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. தொட்டிக்கடியில் பிடித்துப் பார்த்தால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குழாயின் கடைசியில், மண் தெருவின் முடிவில் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சளே வராத நாட்களும் உண்டு. இன்னொன்று: புதுப் பிளீச்சிங் பவுடரில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் குளோரின் கிடைக்கும். மூட்டையைத் திறந்து போட்டு, ஈரமும் வெயிலும் பட்டால் சில வாரத்தில் வெறும் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். வாடை வராத பவுடரைக் கரைத்து ஊற்றிக் கணக்கு எழுதுவதில் பயனில்லை.

கடலோரத்துச் சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. தொழிற்சாலை உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின் எடுக்கிறது. சோடியத்தோடு சேர்ந்திருந்தால் சோற்றுக்கு உப்பு. தனியே பிரிந்தால் பச்சை மஞ்சள் நச்சு வாயு. சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீர்க் காவல். ஒரே குளோரின்.

*

“கெமிக்கல் இல்லாதது” என்று எழுதி ஒட்டிய பாட்டில்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. தண்ணீரும் கெமிக்கல்தான் என்று பதில் சொல்வது சுலபம். அதனால் யாருக்கும் எதுவும் விளங்காது. அந்த மனிதரின் பயம் நியாயமானது. வெல்லத்தைப் பளபளப்பாக்க ஹைட்ரோஸ் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட், கந்தகச் சேர்மம். அது பாகின் நிறத்தைத் தின்றுவிட்டுக் கந்தக டை ஆக்சைடை மிச்சம் வைக்கும். வெல்லத்தில் அது பத்து லட்சத்துக்கு எழுபது பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அடர்ந்த பழுப்பு வெல்லம் வாங்குங்கள் என்று சொன்னால் போதும்.

அதே ஹைட்ரோஸ் இந்த ஊர்த் தறிக்காரர்களின் பழைய நண்பன். கைலிக்கு நூல் சாயம் போடும்போது, அவுரி நீலம் போன்ற தொட்டிச் சாயங்கள் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டால் கரையும். நீலம் போய் மஞ்சள் பச்சையாகும். நூலை முக்கி வெளியே எடுத்து உதறினால் காற்றுப் பட்ட இடமெல்லாம் கண் முன்னே நீலமாகத் திரும்பும். ஒடுக்கம், ஆக்சிஜனேற்றம் இரண்டையும் இவ்வளவு அழகாக எந்தச் சோதனைச் சாலையும் காட்டாது. இந்த ஊரில் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் சாயம் போடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டிவிட வேண்டும்.

*

நாட்டுமருந்துக் கடையில் கந்தகம், தாளகம், மனோசிலை மூன்றும் பக்கத்துப் பக்கத்து டப்பா. தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. ஒன்று மஞ்சள், ஒன்று செம்மை. ஆர்சனிக் தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே. ஆர்சனேட் பாஸ்பேட்டைப் போலவே இருப்பதால் உடல் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. வங்காளத்துக் குழாய்க் கிணறுகளின் துயரம் ஆர்சனிக்கால் வந்தது. குற்றால மலைச் சித்தர் பேரைச் சொல்லி யாராவது பஸ்பம் கொடுத்தால், முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

*

எலிப் பசை. 1913-ல் தீக்குச்சியிலிருந்து துரத்திய அதே வெள்ளைப் பாஸ்பரஸ் (கொஞ்சம் பழகினால் மஞ்சளாகும், அதனால் மஞ்சள் பாஸ்பரஸ் என்பார்கள்) நூறு வருஷம் கழித்தும் மளிகைக் கடையில் பசைக் குழாயாகத் தொங்கியது. கல்லீரலைச் சிதைக்கும், முறிவு மருந்து கிடையாது. எத்தனை குடும்பங்கள் அழுதன. தமிழ்நாடு அரசு இப்போது இதன் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது. பழைய குழாய் வீட்டில் எங்காவது கிடந்தால் இன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

*

நைட்ரஜன் பக்கம் சீக்கிரம் போய்விடுகிறேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு சதுர மீட்டர் வயலுக்கு மேலே நிற்கும் காற்றில் ஏறக்குறைய 7.8 டன் நைட்ரஜன். அதன் நடுவே நிற்கும் நெல் நைட்ரஜன் இல்லாமல் வெளிறுகிறது. மூன்று பிணைப்பு, அவிழ்க்க முடியாத முடிச்சு. ஹேபர் 1909-ல் அவிழ்த்துக் காட்டினார். போஷ் 1913-ல் அதைத் தொழிற்சாலை ஆக்கினார். தூத்துக்குடி ஸ்பிக் அதைத்தான் செய்கிறது. யூரியா மூட்டை 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு, 20.7 கிலோ. சணப்பும் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் இதே முடிச்சைச் சத்தமில்லாமல், சாதாரண வெயிலில், வேர்முடிச்சுப் பாக்டீரியாவை வைத்து அவிழ்க்கின்றன. கார் சாகுபடிக்கு முன்னால் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழும் பழக்கம் இந்தப் பக்கத்தில் முழுசாக அற்றுப் போகவில்லை. அதுவரை சந்தோஷம்.

சிலிக்கனைப் பற்றி ஒரே கணக்கு. ஆயிரம் கிலோ நெல்லில் உமி 200 கிலோ. அதை எரித்தால் சாம்பல் 40 கிலோ. அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. நெல் இலையை உருவினால் கையை அறுப்பது அதுதான். தண்டு நிற்பதும், பூச்சியின் பல் மழுங்குவதும் அதனால்தான். உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறை கண்ணாடியின் உறவுக்காரனால் பல் தேய்த்தது. ஈறு தேய்ந்ததும் அதனால்தான்.

*

மறுபடி பாஸ்பரஸ். இதை விட மனம் வரவில்லை.

நைட்ரஜன் காற்றுக்குத் திரும்பிவிடும். பாஸ்பரஸுக்கு அப்படி வழியில்லை. அதற்கு வாயு வடிவச் சுழற்சி கிடையாது. பாறையிலிருந்து வெட்டி எடுப்பது, வயலில் போடுவது, மழையோடு குளத்துக்கும் ஆற்றுக்கும் போவது, கடைசியில் கடலடி. ராஜஸ்தானத்து ஜாமர்கோட்ராவில் கொஞ்சம் பாறை இருக்கிறது. மிச்சத்துக்கு மொராக்கோவையும் ஜோர்டானையும் நம்பியிருக்கிறோம். கடையநல்லூர் வயலில் தூவும் டிஏபி உரம் பாலைவனத்திலிருந்து வந்த கடல் பிராணிகளின் பழைய எலும்பு.

டிஏபி மூட்டையில் 18:46 என்று போட்டிருக்கும். அந்த 46-ஐப் பாஸ்பரஸ் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட எண். 50 கிலோ மூட்டையில் உண்மையான பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. அதிலும் போட்ட பருவத்தில் பயிர் எடுப்பது சிறு பங்குதான். மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். கிழக்கே போனால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். அது மண்ணை விட்டுப் போய்விடாது, கரையாமல் கிடக்கும், அவ்வளவுதான். வருஷாவருஷம் போட்டுப் போட்டு, பல வயல்களில் பாஸ்பரஸ் குவிந்து கிடக்கிறது. விவசாயி மறுபடியும் 1,350 ரூபாய் கொடுத்து மூட்டை வாங்குகிறார். மழையில் கரைந்து ஓடும் மண்ணோடு குளத்துக்குப் போனது ஆகாயத்தாமரைக்குத் தீனி.

மண் பரிசோதனை செய்து, பாஸ்பரஸ் அதிகம் என்று அட்டை வந்தால் அந்த வருஷம் டிஏபியைக் குறைக்கலாம். சொன்னால் யாரும் எளிதில் கேட்பதில்லை. அடியுரம் போடாமல் நடவு நட்டால் ராத்திரித் தூக்கம் வராது என்பார் ஒரு பெரியவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பிசானச் சாகுபடி தவறினால் அவருக்கு வருஷமே போச்சு. அதனால் வயலில் ஒரு மூலையை மட்டும் கேட்கிறேன். அந்த மூலையில் டிஏபியைப் பாதியாக்கி, பாஸ்போபாக்டீரியா போட்டுப் பாருங்கள், அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள் என்று.

பாஸ்போபாக்டீரியா வேளாண்மை விரிவாக்க மையத்தில் பாக்கெட்டாகக் கிடைக்கும், விலை சொற்பம். அந்த நுண்ணுயிர் கரிம அமிலங்களைச் சுரந்து, மண் பிடித்து வைத்திருக்கும் பாஸ்பேட்டை அவிழ்த்து வேருக்குக் கொடுக்கிறது. உயிருள்ள சரக்கு, அதனால் பாக்கெட்டின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், வெயிலில் வண்டி மேல் வைத்துக் கொண்டுவரக் கூடாது, உரத்தோடும் பூச்சிமருந்தோடும் கலக்கக் கூடாது. விதை நேர்த்திக்கு அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, அதில் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.